பாடலாம் எண்டு நான் சொன்னது

ஹம்பேர்க்கில இருக்கிற சங்கீத ரீச்சர்மார் வருசம் ஒரு மலர் போடுகினம். இந்த முறை என்னட்டக் கேட்டவை. அக்கா, ஒபெராவிலயும் பாடி, கச்சேரியும் செய்து, முப்பது வருசம் குரலும் படிப்பிச்ச ஆள் இந்த நாட்டில நீங்கள் ஒராள்தான், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ, புதுசா வாற ரீச்சர்மாருக்கு உதவும் எண்டவை. ரெண்டு பக்கம் காணுமாம். படமும் வேணுமாம். படத்தை அண்டைக்கே அனுப்பிப்போட்டன், பட்டுச்சீலையோட மேடையில இருக்கிறது. எழுத்துத்தான் நாலு மாசமா இழுபட்டது. பெருமைக் கதை எழுத வெளிக்கிட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில முடிச்சிருப்பன். கையை வைச்சால் ஒரே ஒரு கதைதான் வந்துகொண்டிருந்தது, அதை எழுத எனக்குத் துணிவு வரேல்லை.

படிச்ச கதையைச் சுருக்கமாச் சொல்லிப்போடுறன். யாழ்ப்பாணத்தில நாலு வருசம் சங்கீதம் படிச்சு, டிப்ளோமா கையில வாற நேரம் நாடு குழம்பிப்போச்சு. இருபத்திமூண்டு வயசில இஞ்ச வந்து இறங்கினன். அகதி முகாம், பேந்து ஒரு முதியோர் இல்லத்தில படுக்கை விரிக்கிற வேலை. அங்க ஞாயிற்றுக்கிழமையில தேவாலயக் கொயர் ஒண்டு வந்து பாடும். பின்னால நிண்டு நான் சேர்ந்து பாடினதைக் கேட்ட ஒரு அம்மா என்னை ஒரு குரல் ஆசிரியையிட்டக் கொண்டுபோய் விட்டா. அதில ஆறு வருசம். முப்பத்திரண்டு வயசில ரூர் பக்கத்தில, டோர்ட்மண்டுக்குக் கிட்ட இருக்கிற நகரமொண்டின்ர ஒபெரா வீட்டில, கொயரில, கீழ்க்குரல் பொம்பிளையளின்ர வரிசையில இடம் கிடைச்சுது. முப்பத்திநாலு வருசம் அந்த வரிசையில நிண்டனான். அடிமைப் பெண்ணா நிண்டிருக்கிறன், கன்னியாஸ்திரியா நிண்டிருக்கிறன், மீன்காரியா, சூனியக்காரியா எல்லாம் நிண்டிருக்கிறன். ராணிக்குப் பக்கத்தில நிண்டிருக்கிறன். ராணியா மட்டும் ஒருத்தரும் விடேல்லை.

எங்கட கொயர் இயக்குநர் ஹெர் ஹார்ட்விக். ஒல்லி மனுசன், மாரியோ கோடையோ ஒரே மண்ணிற ஸ்வெட்டர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவ்வளவு மெல்லமாக் கதைப்பார், நாற்பது பேரும் வாயை மூடினால்தான் விளங்கும். ஒவ்வொரு பருவமும் தொடங்கேக்க எங்களை ஒவ்வொராளாத் தனியறைக்குக் கூப்பிடுவார். பியானோவில ஒரு சுரம் தட்டுவார், பாடவேணும். பேந்து அதுக்கு அடுத்தது, அதுக்கு அடுத்தது. கட்டம் போட்ட கொப்பியில பென்சிலால மூண்டு புள்ளி வைப்பார். குரல் சுகமா இருக்கிற இடத்துக்கு ஒண்டு, மாறுற இடத்துக்கு ஒண்டு, இதுக்கு மேல ஏத்தக்கூடாது எண்ட இடத்துக்கு ஒண்டு. நல்லம், கூடாது எண்டு ஒண்டும் சொல்லமாட்டார். "நன்றி, அடுத்த ஆள்" எண்டுவார், அவ்வளவுதான். பேந்து வருசம் முழுக்க அந்தக் கொப்பியைப் பாத்துத்தான் ஆருக்கு எந்த வரி எண்டு பிரிப்பார். ஆரும் போய் எனக்கு மேல பாடத் தாங்கோ எண்டு கெஞ்சினாலும் கொப்பியைத் திறந்து புள்ளியைக் காட்டுவார்.

இன்னொரு பழக்கமும் அங்கதான் கண்டன். ஒத்திகையில முழுக்குரல் போடாமல் அரைக்குரலில பாடிக் குரலைச் சேமிக்கிறது. மார்கீரன் எண்டு சொல்லுவினம். எங்கட ஆக்களிட்ட அப்பிடிப் பாடினால் என்ன, காலமை சாப்பிடேல்லையோ எண்டு கேப்பினம். அங்க அது ஒழுங்கு. சுகமில்லாத ஆள் ஒத்திகை தொடங்க முந்தி வந்து சொல்லவேணும். ஒளிச்சால்தான் குற்றம்.

நான் ஒளிச்சனான். சேர்ந்து மூண்டாம் வருசம், தொண்டை கட்டிப்போச்சு. புது ஒபெரா ஒண்டு மேடையேற ஒரு கிழமை கிடக்கு. சுகமில்லை எண்டால் வேலையால நிப்பாட்டிப்போடுவினம் எண்ட பயம். அகதியா வந்த ஆளுக்கு அந்தப் பயம் லேசில போகாது. மருந்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு வரிசையில நிண்டு பாடினன். ரெண்டாம் பக்கத்தில ஹெர் ஹார்ட்விக் கையைக் கீழ விட்டார். எல்லாரும் நிப்பாட்டினம். கதிரையளுக்குள்ளால நடந்து எனக்கு முன்னால வந்து, என்ர கையில இருந்த இசைப் புத்தகத்தை மூடினார். "இண்டைக்கு நீங்கள் கேளுங்கோ" எண்டார். அவ்வளவுதான். நாற்பது பேருக்கு முன்னால எனக்கு உயிர் போச்சு. பேந்து நடைவழியில நிண்டு அழேக்க பக்கத்தில வந்து சொன்னார்: பாடக்கூடாத குரல் பாடினால் பிழை பாடின ஆளில இல்லை, பாட விட்ட ஆளில, அந்தப் பேரை எனக்கு எடுத்துத் தராதையுங்கோ எண்டு. அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். நாலாம் நாள் குரல் வந்தாப்பிறகுதான் விளங்கிச்சுது அந்த மனுசன் என்னைக் காப்பாத்தினது.

இது அங்கால. இஞ்சால எங்கட ஆக்கள். சனி காலமையில ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில சங்கீதம் படிப்பிச்சன். அரங்கேற்றங்களுக்குப் பாடினன். ஆனால் எங்கட கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாம் சனி ஞாயிறிலதானே. ஒபெராவும் சனி ஞாயிறிலதான். ஏலாது, எனக்கு வேலை எண்டு பத்துத்தரம் சொன்னால் பதினோராந்தரம் ஆரும் கூப்பிடமாட்டினம். கலியாணம் கட்டின மனுசனும் ஆறு வருசத்தில அதைத்தான் சொல்லிப்போட்டுப் போனவர், வீட்டில எப்பவும் தான் தனிய எண்டு. பிள்ளையள் இல்லை. ஒபெராவில முப்பத்திநாலு வருசம் பக்கத்தில நிண்ட பொம்பிளையள் ஒருத்தியும் என்ர கச்சேரிக்கு வந்ததில்லை. எங்கட சனம் ஒருத்தரும் ஒபெராவுக்கு வந்ததில்லை. வந்து கேளாமலே, அவவின்ர குரல் வெள்ளைக்காரியின்ர மாதிரி நடுங்குது எண்டு மட்டும் கதைப்பினம். ரெண்டு வீட்டிலயும் நான் விருந்தாளிதான். ஒரு ஞாயிறு வேலை இல்லாட்டி ஆருக்குப் போன் பண்ணுறது எண்டு எனக்குத் தெரியாது.

வந்தது ஒரே ஒராள். சுபா. டோர்ட்மண்டில ஒரு கின்டர்கார்ட்டனில வேலை செய்யிற பிள்ளை. பிள்ளை எண்டுறன், நாற்பத்தொரு வயசு. மகள் ஆரணிக்கு எட்டு மாசத்தில பரதநாட்டிய அரங்கேற்றம் வைச்சிருந்தவை. அதில பாட்டுத் தான்தான் பாடவேணும் எண்டு சுபாவுக்கு ஒரே பிடி. சின்னனில ஊரில படிச்சவ, நல்ல ஞானம், குரலும் தடிப்பான, கீழ இறங்கிற வடிவான குரல். என்னட்டப் படிக்க வந்தா. வந்து மூண்டாம் கிழமை, ஆருக்கும் சொல்லாமல் ஒபெராவுக்கு ஒரு ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு ரிக்கெற் எடுத்து வந்து மூண்டரை மணித்தியாலம் இருந்து பாத்திருக்கிறா. முடிஞ்சு நான் பின்கதவால வெளிக்கிட, பிளாஸ்கில தேத்தண்ணியும் ஒரு பெட்டிக்குள்ள ரோல்ஸும் கொண்டு நிக்கிறா. "அக்கா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் உங்கட வாய் எங்க திறந்தது எண்டு முழுக்கப் பாத்தனான்" எண்டா. அந்தத் தெருவில நிண்டு ரோல்ஸ் சாப்பிட்டம். எனக்கு அண்டைக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு.

சுபாவுக்கு நான் ஹெர் ஹார்ட்விக்கின்ர மாதிரியே மூண்டு புள்ளி வைச்சுப் பாத்தனான். அவவின்ர குரலுக்கு நாலு கட்டைச் சுருதி. கட்டை எண்டுறது பாடுற ஆள் எந்த உயரத்தில ஆதார சுரத்தை வைக்கிறது எண்ட கணக்கு. நாலில பாடேக்க சுபாவின்ர குரல் உருகி ஓடும். அஞ்சுக்குப் போனாலே கழுத்து நரம்பு புடைக்கும். ஆறு மாசம் நாலிலதான் படிப்பிச்சன். வர்ணம் முழுக்கப் பாடமாயிட்டுது.

அரங்கேற்றத்துக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க மிருதங்க வித்துவானோட போனில கதைச்சன். சென்னையில இருந்து கூப்பிட்டிருந்தவை, பேர் பெற்ற மனுசன். "டான்ஸ் டீச்சர் அஞ்சரைன்னு சொல்லிட்டாங்கம்மா. பொண்ணும் அஞ்சரையிலதான் பழகியிருக்கு. ஃபிளைட்ல நான் ஒரு மிருதங்கம்தான் எடுத்துட்டு வர முடியும்" எண்டார். மிருதங்கத்தை இழுத்துப் பிடிச்சால் அரைக் கட்டை அங்கால இஞ்சால போகும், ஒண்டரைக் கட்டை இறங்காது. தேடியிருந்தால் டோர்ட்மண்டில ரெண்டு வீட்டில நாலு கட்டை மிருதங்கம் இருந்திருக்கும். ஆனால் பெரிய வித்துவானிட்டப் போய் இன்னொராளின்ர மிருதங்கத்தை வாசியுங்கோ எண்டு கேக்கிறது எங்கட ஆக்களில மரியாதை இல்லை. நான் கேக்கேல்லை. சரி அண்ணை எண்டு வைச்சிட்டன். முப்பது வருசம் குரல் படிப்பிச்ச பொம்பிளை, ஒரு தோல் வாத்தியத்துக்காக ஒரு தொண்டையை ஒண்டரைக் கட்டை ஏத்த ஒத்துக்கொண்டன்.

அஞ்சு கிழமையில சுபாவின்ர குரல் கரகரத்துப் போச்சு. பகல் முழுக்க மூண்டு வயசுப் பிள்ளையளைக் கத்திக் கூப்பிடுற வேலை, பின்னேரம் அஞ்சரைக் கட்டை. குரல் வைத்தியரிட்ட டேர்மின் எண்டு இஞ்ச சொல்லுற நேரம் எடுத்து அனுப்பினன். டொக்டர் அம்மா குழாய் விட்டுப் பாத்து, குரல்நாண் ரெண்டிலயும் தடிப்பு இருக்கு, ஆறு கிழமை கதைக்கவும் கூடாது எண்டு எழுதிக் குடுத்து, வேலைக்கும் லீவு போட்டுவிட்டா. அரங்கேற்றத்துக்கு மூண்டு கிழமைதான் இருந்தது. மண்டபம் எடுத்தாச்சு, அழைப்பிதழில பாட்டு எண்ட இடத்தில சுபாவின்ர பேர் அடிச்சாச்சு.

அந்தக் கடிதத்தை என்ர குசினி மேசையில வைச்சுப்போட்டு சுபா கேட்டா: "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. ஏலாது எண்டு நீங்கள் சொன்னால் நான் பாடேல்லை. நீங்கள் சொன்னால் எனக்கு மனம் ஆறும்."

இதைவிடச் சுகமா ஆரும் கேள்வி கேக்கேலாது. புத்தகத்தை மூடினால் சரி. அண்டைக்கு நான் என்ன நினைச்சன் எண்டதை உள்ளபடி எழுதுறன். பாடேல்லை எண்டால் இவ இனி என்னட்ட வரமாட்டா எண்டு நினைச்சன். பாட்டு இல்லாட்டி என்னட்ட வர ஆருக்கு என்ன இருக்கு. மேசையில இருந்த கடிதத்தை மடிச்சு அவவின்ர கைப்பைக்குள்ள வைச்சன். "மூண்டு கிழமை வாயே திறவாமல் இரும். பேந்து பாடலாம்" எண்டன்.

சுபா என்ர கையைப் பிடிச்சு அழுதா. வீட்டில இருந்தால் மனுசனோடயும் மகளோடயும் கதைக்க வேண்டிவரும் எண்டு, அந்த மூண்டு கிழமையும் காலமை ஒன்பதுக்கு என்ர வீட்டை வந்திடுவா. நான் ஒத்திகைக்குப் போனாலும் இருப்பா. நான் திரும்பி வந்து கதவைத் திறந்தால் சோறு காய்ச்சி, பருப்புக் கறி வைச்சு, மேசையில கோப்பை போட்டிருக்கும். கொப்பியில எழுதிக் காட்டித்தான் கதை. உப்புக் கூடிப்போச்சோ எண்டு எழுதுவா. ஒண்டும் பேசாமல் ரெண்டு பேரும் வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுத்தி நடப்பம். என்ர வீட்டில இன்னொரு ஆள் மூச்சு விடுற சத்தம் எனக்கு அந்த மூண்டு கிழமைதான் கேட்டது. நான் இந்த நாட்டில சந்தோசமா இருந்த காலம் எதெண்டு கேட்டால் அதைத்தான் சொல்லுவன், சொல்லக் கூசினாலும் அதுதான் உண்மை.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிரம்பின சனம். மேடையின்ர ஓரத்தில நடன ஆசிரியை தாளத்தோட, வித்துவான் மிருதங்கத்தோட, வயலின்காரர், நடுவில சுபா. நான் பின்னால சுருதிப்பெட்டியோட இருந்தனான். முதல் மூண்டு உருப்படியும் போயிட்டுது. மூண்டு கிழமை ஆறின குரல், வடிவாத்தான் இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்திட்டுது. வர்ணத்தில, சரணம் மேல ஏறுற இடத்தில, சுபா வாயைத் திறந்தா, காத்து மட்டும் வந்தது. பிசிறு இல்லை, உடைஞ்ச சத்தமும் இல்லை, ஒண்டுமே இல்லை. ஆடிக்கொண்டு நிண்ட ஆரணி திரும்பித் தாயைப் பாத்தாள். மிருதங்கம் நிக்கேல்லை. நான் எட்டி மைக்கை என்ர பக்கம் திருப்பி அந்த வரியை எடுத்தன்.

எனக்கும் அஞ்சரை உயரம்தான், ஆனால் ஒபெராவில படிச்ச வித்தை இருந்தது, பாடினன். கடைசி மங்களம் வரைக்கும் நான்தான் பாடினன். சுபா எழும்பிப் போகேல்லை. என்ர பக்கத்தில இருந்து சிரிச்ச முகத்தோட கடைசிவரைக்கும் வாயசைச்சுக்கொண்டிருந்தா. சனத்தில பாதிப்பேர் அது முதலே ஒழுங்கு செய்தது எண்டு நினைச்சவை. முடிஞ்சு எல்லாரும் என்னைச் சுத்தி நிண்டு, உங்களிட்ட இப்பிடி ஒரு குரல் இருக்கெண்டு தெரியாமல் போச்சே எண்டு கை குடுத்தினம். வித்துவானும் வந்து நல்ல சாரீரம் எண்டார். முப்பது வருசம் நான் காத்துக்கொண்டிருந்த பாராட்டு அது. சுபா அப்ப மேடையில குனிஞ்சு ஆரணியின்ர சலங்கையைக் கழட்டிக்கொண்டு இருந்தா.

சுபாவின்ர குரல்நாணில நரம்பு வெடிச்சு இரத்தம் கட்டியிருந்தது. ஒப்பரேசன் செய்தவை. கதைக்கிற குரல் ஒருமாதிரித் திரும்பி வந்தது, கரகரப்போட. பாட்டு வரேல்லை. சின்னப் பிள்ளையளோட நிக்கிற வேலையும் ஏலாமல் போய், வேற படிப்புப் படிச்சு ஒரு அலுவலகத்தில இருக்கிறா எண்டு பிறகு கேள்விப்பட்டன்.

ஒப்பரேசன் முடிஞ்சு ரெண்டாம் மாசம் சுபா என்ர வீட்டை வந்தா. அதுதான் கடைசித்தரம். இருந்து தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, அந்தப் புதுக் குரலில மெல்லமாச் சொன்னா: "அக்கா, மூண்டு கிழமையில ஒருநாள் நான் வாய் திறந்திட்டன். பிள்ளை படிக்கேல்லை எண்டு பேசிப்போட்டன். அதாலதான் இப்பிடி. நீங்கள் அவ்வளவு சொல்லியும் நான் கேக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிள்ளையை ஒருக்காப் பேசினதால நரம்பு வெடிக்காது. பாடக்கூடாத குரலைப் பாட விட்டதால வெடிச்சது. எனக்கு அது வடிவாத் தெரியும். நான் என்ன செய்தன் தெரியுமோ? தலையை ஆட்டினன். பரவாயில்லை சுபா, நடந்தது நடந்துபோச்சு எண்டன். என்ர பிழைக்கு அவவுக்கு மன்னிப்புக் குடுத்து அனுப்பினன்.

அதுக்குப் பிறகு அவவும் வரேல்லை, நானும் போகேல்லை. அவ இருக்கிறது இஞ்ச இருந்து ரெண்டு ஸ்ராசன் தள்ளித்தான். ஒருக்காத் தமிழ்க் கடையில அவ நிக்கக் கண்டு, நான் அரிசி மூட்டையளுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான், அறுபது வயசு தாண்டின பொம்பிளை. படிப்பிக்கிறதை அரங்கேற்றம் நடந்த வருசமே விட்டிட்டன். கேட்டவைக்கு முழங்கால் நோ எண்டு சொன்னன். போன வருசம் ஒபெராவிலயும் பிரியாவிடை தந்து, பூங்கொத்தும் தந்து அனுப்பினவை. இப்ப சில நாளில பின்னேரம் வரைக்கும் ஆரோடயும் ஒரு சொல்லும் கதையாமல் இருந்திடுவன். தொண்டையைச் செருமிப் பாத்தால்தான் குரல் இருக்கெண்டு தெரியும்.

மலருக்கு இதை எழுதிப்போட்டு, சுபாவுக்குத் தெரியாமல் அனுப்பக்கூடாது எண்டு போன கிழமை போன் எடுத்தன். ஒன்பது வருசத்துக்குப் பிறகு. எடுத்த உடனே அந்தக் கரகரத்த குரல். நான் சுகமும் விசாரிக்கேல்லை. ஒண்டு எழுதியிருக்கிறன் சுபா, கேளும் எண்டு சொல்லி, அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்ச இடம் வரைக்கும் முழுக்க வாசிச்சுக் காட்டினன்.

முடிச்சாப்பிறகு சொன்னா: "எனக்குத் தெரியும் அக்கா. பேசினதால வந்ததில்லை எண்டு டொக்டர் ஆஸ்பத்திரியிலயே சொன்னவ. தெரிஞ்சுகொண்டுதான் உங்களிட்ட வந்தனான். இல்லை சுபா, நான்தான் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும் எண்டு வந்தனான்."

நான் அழுதன். மன்னிச்சுக்கொள்ளும் எண்டு சொன்னன். எத்தினை தரம் சொன்னன் எண்டு தெரியாது.

"பாடச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்லை அக்கா. பாட ஆசைப்பட்டது நான். ஆனால் நீங்கள் என்னை மன்னிச்சு அனுப்பினீங்களே, அதுதான் எனக்கு ஏலாமல் போச்சு" எண்டா.

மலரில வேற பேர் போடட்டோ எண்டு கேட்டன். வேண்டாம், என்ர பேரிலயே போடுங்கோ எண்டா. பேந்து, நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ எண்டு கேட்டன்.

"இப்ப வேண்டாம் அக்கா" எண்டு சொல்லிப்போட்டு வைச்சா.